தாயும் பிள்ளையும் ஆனாலும்

2024 செப்டம்பர் 9ஆம் தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் பந்தலில் உட்கார்ந்தார்கள். அடுத்த 37 நாட்களும் எனக்குத் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: "அவங்களுக்கு என்ன சார் குறை?" பஸ் வருகிறது, கேன்டீன் இருக்கிறது, ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகிறார்கள். தங்கள் முழுநேரத் தொழிலாளர்களின் சராசரிச் சம்பளம் அந்த வட்டாரத்தில் அதே மாதிரி வேலை செய்பவர்களுடையதைவிட 1.8 மடங்கு என்று நிறுவனமே அறிக்கை விட்டது. அப்புறம் எதற்குச் சங்கம்? அடிக்கிற முதலாளி, சம்பளம் கொடுக்காத முதலாளி என்றால் கொடி பிடிக்கலாம். நன்றாக நடத்துகிறவரிடம் போய் யூனியன் கேட்பது, சோறு போட்ட வீட்டில் சண்டைக்கு நிற்பது இல்லையா?

இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் நிர்வாகத்தின் ஆட்கள் என்று நான் சொல்லமாட்டேன். பலர் தாங்களே தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். என் பெரியப்பா அப்படித்தான். ஒரு தனியார் மில்லில் 31 வருஷம் ஃபிட்டர். சங்கம் இல்லாத மில். "எங்க முதலாளி மவராசன்டா" என்பார். பொய்யில்லை. அக்கா கல்யாணத்துக்கு இவர் வாய் திறந்து கேட்காமலே பணம் கொடுத்து அனுப்பியவர் அந்த முதலாளி. பூஜை அறைக்கு வெளியே அவருடைய படம் மாட்டியிருக்கும். பிறகு முதலாளி காலமானார். பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை வந்தது, மில் கைமாறியது. பெரியப்பாவுக்கு வரவேண்டிய கிராஜுவிட்டி, சட்டப்படி கணக்குப் போட்டு முப்பது நாளில் கையில் கிடைத்திருக்கவேண்டிய பணம், நாலு வருஷம் கழித்துத் தவணை தவணையாக வந்தது. தொழிலாளர் அலுவலகத்துக்கு அவர் தனி ஆளாக, ஒரு மஞ்சள் பையில் காகிதங்களோடு நடந்தார். அப்போதும் படத்தைக் கழற்றவில்லை. "அவர் இருந்திருந்தா இப்படி நடந்திருக்காது" என்றார்.

முதலாளிக்கு வக்காலத்தாகத்தான் அவர் அதைச் சொன்னார். சங்கம் வேண்டும் என்பதற்கு அதைவிடப் பலமான வாதத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

"நன்றாக நடத்துகிறார்" என்ற பேச்சில் ஒரு விஷயம் எப்போதும் விடுபட்டுப்போகிறது. கேட்காமல் கொடுப்பது ஒன்று, கேட்டால் என்ன நடக்கிறது என்பது வேறொன்று. முதலாவதை வைத்துத்தான் நாம் ஒருவரை நல்ல முதலாளி என்கிறோம். இரண்டாவதைச் சோதித்துப் பார்க்கச் சந்தர்ப்பமே வராமல் பல தொழிலாளர்கள் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். சோதித்துப் பார்த்தவர்களின் கதை நம் ஊரிலேயே இருக்கிறது. பெரம்பூருக்குப் போனால் போதும்.

பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் அந்தக் காலத்து இந்தியாவில் முன்மாதிரி முதலாளி என்று பேர் எடுத்தவை. ஆலையில் வேலை செய்த சிறுவர்களுக்கு நிர்வாகமே பள்ளிக்கூடம் நடத்தியது. பாதி நாள் தறிப்பக்கம், பாதி நாள் பாடம். அன்றைக்கு "நல்லது" என்பதன் அளவுகோல் அப்படி. தொழிலாளர்களுக்கு வீடுகளும் பிற்பாடு கட்டிக்கொடுத்தார்கள். மற்ற ஆலைகளைப் பார்க்கிறவனுக்கு பின்னி மில் வேலை பெரிய வேலைதான்.

அந்த ஆலைத் தொழிலாளர்கள்தான் 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறோம். பெரம்பூரில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டு பி.பி. வாடியாவிடம் போனார்கள். வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைநின்றார். அவர்கள் முன்வைத்த முதல் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டு நேரம் அரை மணிதான், போதவில்லை என்பது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெளியே வந்து, கை கால் கழுவி, உட்கார இடம் தேடி, சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு மணி அடிப்பதற்குள் திரும்பவேண்டும். வெள்ளைக்கார மேலாட்கள் கை நீட்டுவதும் அந்தக் குறைகளில் இருந்தது.

பள்ளிக்கூடம் கேட்காமலே வந்தது. சங்கமாகச் சேர்ந்து கேட்டபோது கதவடைப்பு வந்தது. சங்கத்தை நடத்தியதற்காக வாடியா மீது நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டது, தடையாணையும் வாங்கியது. கடைசியில் அவர் சங்கத்திலிருந்து விலகவேண்டிவந்தது. நன்றாக நடத்துகிற முதலாளி, தன் ஆட்கள் ஒன்றாகச் சேர்ந்து பேசியதை ஒரு வணிகக் குற்றமாகப் பார்த்தார், நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்த கோரிக்கைதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. சாம்சங் தொழிலாளர்கள் பதிவுக்கு மனுப்போட்டது அதே சட்டத்தின் கீழ்தான்.

1921இல் பின்னி ஆலைகளில் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சூட்டிலும் சாவிலும் போய் முடிந்து தோற்றது. அதற்குப் பிறகு நிர்வாகம் என்ன செய்தது என்பதைத்தான் கவனிக்கவேண்டும். சங்கத்துக்குப் பதிலாக ஆலைக்குள்ளேயே ஒரு நலக்குழுவை வைத்தது. தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகமும் உட்கார்ந்து குடிநீர், கேன்டீன், விளையாட்டு என்று பேசலாம். கூலி பேரம் அதன் வேலையல்ல.

நூறு வருஷம் கழித்து அதே காட்சி. 2024 அக்டோபர் 7ஆம் தேதி, வேலைநிறுத்தம் ஒரு மாதத்தைத் தொடும்போது, சாம்சங் நிர்வாகம் ஒரு தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட்டதாக அறிவிப்பு வந்தது. மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. கூடுதல் ஏசி பஸ். வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு உடனடி உதவி. எல்லாம் நல்ல விஷயங்கள்தான், கிண்டல் செய்யமாட்டேன். ஆனால் அந்த 5,000 ரூபாய் அடுத்த மார்ச் வரைக்கும்தான். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டது ஏசி பஸ்ஸும் அல்ல. தாங்கள் தேர்ந்தெடுத்த சங்கத்தோடு பேசுங்கள் என்று கேட்டார்கள். அதை மட்டும் தரமுடியாது என்றது நிர்வாகம். சங்கத்தின் பெயரில் "சாம்சங்" என்ற சொல் வரக்கூடாது என்று ஆட்சேபித்தது. பதிவாளர் அலுவலகம் மனுவைக் கிடப்பில் போட்டது. அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு கொடுத்த உரிமைக்காக உயர் நீதிமன்றம் போய், டிசம்பரில் உத்தரவு வாங்கி, 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. கொரியாவில் அதே குழுமத்தின் தலைவர் லீ ஜே யோங், சங்கங்களை அனுமதிக்காத பழைய கொள்கைக்காக 2020 மே மாதம் மக்கள் முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டவர். அந்த மன்னிப்பு காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வந்து சேர நாலரை வருஷமும் ஒரு நீதிமன்ற உத்தரவும் வேண்டியிருந்தது.

ஆகவே "அவங்களுக்கு என்ன குறை?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் விநோதமானது. ஒரு குறையும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். குறை இல்லாத காலத்தில்தான் சங்கம் அமைக்கவேண்டும். வயிற்றுவலி வந்தபிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகிறவனை நாம் என்ன சொல்வோம்? வியாபாரம் படுத்து, ஆர்டர் குறைந்து, நிர்வாகம் மாறி, ஆட்களைக் கழிக்கிற பட்டியல் தயாராகும் நாளில் சங்கம் தொடங்குவதற்கு அவகாசமும் இருக்காது, துணிச்சலும் இருக்காது.

இதற்கு உலகம் அறிந்த பழைய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. ரயில் பெட்டி தயாரித்த ஜார்ஜ் புல்மன், 1880இல் சிகாகோவுக்குப் பக்கத்தில் தொழிலாளர்களுக்காக ஒரு ஊரையே கட்டினார். செங்கல் வீடு, குழாய்த் தண்ணீர், நூலகம், பூங்கா. உலகமே வந்து பார்த்துப் பாராட்டியது. 1893இல் பொருளாதாரம் சரிந்தது. புல்மன் கூலியைக் கால்வாசி அளவுக்குக் குறைத்தார், தன் வீடுகளின் வாடகையை மட்டும் குறைக்கவில்லை. வாடகை சம்பளத்திலேயே கழிந்தது. பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை நிற்கவில்லை. தூதுக்குழுவாகப் போய்ப் பேசியவர்களில் சிலர் வேலையிழந்தார்கள். 1894 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. அடக்க ராணுவம் வந்தது. மூன்று வருஷம் கழித்து புல்மன் இறந்தபோது, தொழிலாளர்கள் உடலைத் தோண்டிவிடுவார்களோ என்று அஞ்சி, சவப்பெட்டியைச் சுற்றி கான்கிரீட் ஊற்றிப் புதைத்தார்கள். பூங்கா கட்டிக்கொடுத்தவருக்கு அந்தக் கதி.

நம் நாட்டில் "நல்ல முதலாளி" என்றதும் யார் பெயர் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். டாடா. ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் 1912லேயே எட்டு மணி நேர வேலை வந்துவிட்டது, எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல். சங்கம் வேண்டாம் என்பவர்கள் இந்த உதாரணத்தை விரும்பிச் சொல்வார்கள். அதே ஆலையில் 1920இல் வேலைநிறுத்தம் நடந்தது, அந்த வருஷமே சங்கமும் பிறந்தது என்ற பாதியைச் சொல்லமாட்டார்கள். சுபாஷ் சந்திர போஸ் சில காலம் அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தார். நூற்றாண்டு கடந்து சங்கம் இன்றும் இருக்கிறது. 1990களில் ஆலையை நவீனமாக்கிப் பல்லாயிரம் பேரைக் குறைத்தபோது, விலகியவர்களுக்கு ஓய்வு வயது வரை மாதாமாதம் பணம் போகும்படி ஏற்பாடு நடந்தது. அது டாடாவின் பெருந்தன்மை என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்தீர்கள். மேசைக்கு எதிர்ப்பக்கம் பல தலைமுறை பழக்கமுள்ள ஒரு சங்கம் உட்கார்ந்திருந்தது.

அதே குழுமத்தின் மென்பொருள் நிறுவனத்தைப் பாருங்கள். டி.சி.எஸ். வேலை அரசாங்க வேலை மாதிரி என்று சென்னையில் பெண் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! 2025 ஜூலையில் ஏறத்தாழ 12,000 பேரை, மொத்தத்தில் 2 சதவீதத்தை, அனுப்பப்போவதாக அறிவித்தது. அங்கே நிர்வாகத்துக்கு எதிரில் உட்கார்ந்து பேச அங்கீகாரம் பெற்ற சங்கம் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்களில் உள்ளவர்கள் "நாங்க லேபர் இல்ல, ப்ரொஃபஷனல்" என்று இருபது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், தொழில் தகராறுச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016லேயே தெளிவுபடுத்தியிருந்தது. சேர்ந்தவர்கள் கொஞ்சம். சாப்பாட்டுக் கூப்பனும் வெளிநாட்டு ஆன்சைட்டும் இருக்கும்போது யாருக்குச் சங்கம் ஞாபகம் வரும்?

இன்னொரு நல்ல முதலாளி, மறைமலைநகரின் ஃபோர்டு. அங்கே வேலை கிடைத்தவன் செங்கல்பட்டு வட்டாரத்தில் மாப்பிள்ளைச் சந்தையில் உயர்ந்தவன். 2021 செப்டம்பரில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆலை மூடினால் சட்டம் தரச்சொல்வது, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். அங்கே சங்கம் இருந்தது. மாதக்கணக்கில் பேசியது, 2022இல் வேலையையும் நிறுத்தியது. கடைசியில் வருஷத்துக்கு நூறு நாட்களுக்கு மேற்பட்ட சம்பளம் என்ற கணக்கில் முடிந்தது. ஃபோர்டு வசதியான கம்பெனி, எப்படியும் 15 நாளைவிட அதிகம் கொடுத்திருக்கும் என்பீர்கள். இருக்கலாம். முதலில் வைத்த தொகை எத்தனை தடவை ஏறியது, ஏன் ஏறியது என்பதை அங்கே வேலை செய்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு தன் பெரிய ஆயுதத்தை எடுக்கும்: "சங்கம் வந்தால் கம்பெனி ஓடிவிடும்." நோக்கியா போனது, ஃபோர்டு போனது, பம்பாயில் மில்கள் போயின. நோக்கியா 2014இல் மூடியதற்குக் காரணம் வரித் தகராறு. அதனால் ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மைக்ரோசாஃப்ட் தன் கொள்முதலில் சேர்த்துக்கொள்ள முடியாமல் போனது. ஃபோர்டு போனது இங்கே கார் விற்காமல் பத்து வருஷமாக நஷ்டப்பட்டதால். பம்பாய்க் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையை விட்டார்கள், மில் தொழில் அதோடு எழவே இல்லை. இது உண்மை. அவர்கள் ஏன் சாமந்திடம் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1946ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டப்படி ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் பேசும் உரிமை. ஆளுங்கட்சியோடு ஒட்டிய அந்தச் சங்கத்தைப் பெருவாரியான தொழிலாளர்கள் நம்பவில்லை, மாற்றவும் வழியில்லை. போனஸும் கூலியும் போக, அந்தச் சட்டத்தை நீக்கவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. தாங்கள் விரும்பிய சங்கத்தை வைத்துக்கொள்ள விடாததால் வெடித்த போராட்டத்தை, சங்கமே கூடாது என்பதற்குச் சாட்சியாகக் கூப்பிடுவது நல்ல வேடிக்கை.

சங்கங்களுக்கு நான் பூமாலை போடவும் வரவில்லை. 1921இல் பெரம்பூரில் சங்கம் உடைந்தது சாதியில்தான். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. அவர்களுக்கு ஏற்கெனவே மற்றவர்களோடு என்ன உறவு இருந்தது, சங்கம் அவர்களுக்கு என்ன செய்தது என்று கேட்க அன்றைய தலைவர்களில் பலருக்கு மனமில்லை. இன்றைக்கு அதே இடத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி நிற்கிறான். ஒரே லைனில், ஒரே ஸ்பேனர் பிடிப்பவன், பாதிக்கும் குறைவான கூலியில். அவனைச் சேர்க்காமல் பெர்மனன்ட்காரர்களின் கிளப்பாக நடக்கும் சங்கங்கள் ஏராளம். கட்சி உத்தரவுக்காகக் கேட்டை மூடுகிறவர்கள், வேலைக்கு ஆள் எடுக்கக் கமிஷன் வாங்கும் பொறுப்பாளர்கள், வேலையே செய்யாதவனுக்காக உள்விசாரணையில் கத்துகிறவர்கள், எல்லாம் உண்டு. ஆனால் ஒன்று. மோசமான சங்கத் தலைவரைத் தொழிலாளி ஓட்டுப்போட்டு இறக்கமுடியும். மோசமாகிவிட்ட நல்ல முதலாளியை என்ன செய்வது?

இன்னொரு வாதம் நாசூக்கானது: இப்போதுதான் சட்டம் இருக்கிறதே, நல்ல முதலாளியும் நல்ல சட்டமும் போதாதா? 2023 ஏப்ரல் 21ஆம் தேதி தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நிறைவேறியது. பத்தே நாளில், மே தினத்தன்று, முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்தப் பத்து நாளில் எதிர்ப்பைக் கிளப்பியதில் தொழிற்சங்கங்களுக்குப் பெரும் பங்கு. ஆளுங்கட்சியின் சங்கமே எதிர்த்தது. சங்கம் இல்லாத ஆலையில், நன்றாக நடத்தப்படும் தொழிலாளியும் அந்த எட்டு மணி நேரத்தைத்தான் இன்றைக்கும் வேலை செய்கிறான். தன் சார்பில் யாரோ தெருவில் நின்றார்கள் என்பது அவனுக்குத் தெரியாமலேகூட இருக்கலாம்.

"நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று வருஷாந்திர விழாவில் பேசாத நிர்வாக இயக்குநர் கிடையாது. உண்மையாகவே அப்படி நினைப்பவர்களும் இருக்கிறார்கள். நம் ஊர்ப் பாட்டிகளுக்குக் குடும்பம் என்றால் என்ன என்று இவர்களைவிட நன்றாகத் தெரியும். அவர்கள்தான் தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்றார்கள். அன்பைச் சந்தேகப்பட்டு அல்ல, அன்பு இருக்கும் வீட்டிலும் கணக்கு தனி என்று தெரிந்துதான்.

நல்ல முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஆட்கள் ஒருநாள் சங்கப் பதிவுச் சான்றிதழோடு வந்தால் மனம் நொந்துபோகாதீர்கள், இத்தனை செய்தும் நன்றியில்லையே என்று வீட்டில் போய்ப் புலம்பாதீர்கள், பெயரில் ஆட்சேபம் இருக்கிறதா என்று வக்கீலைத் தேடாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் இதுவரை கேட்காமலே கொடுத்ததையெல்லாம் எழுத்தில் போட்டு, இரண்டு பக்கமும் கையெழுத்து வையுங்கள். உங்களுக்குப் பின்னால் அந்த நாற்காலிக்கு வரப்போகிறவர் யாரென்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

என் பெரியப்பாவின் முதலாளி அதைச் செய்திருந்தாலும் அவர் படம் அதே சுவரில்தான் தொங்கியிருக்கும். கிராஜுவிட்டி மட்டும் நாலு வருஷம் முன்னால் வந்திருக்கும்.